மேல்மலைக்கும் கீழ்மலைக்கும் போர் மூட்டிய வள்ளியக்கா

வள்ளியக்கா இறந்துபோன செய்தியை எனக்குச் சொன்னவர் ஜெனரல் ஞானமுத்து. அய்யம்பாளையத்தில் தென்னைக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தேன். "எடிட்டர், மேடம் போயிட்டாங்க" என்றார். மதியம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லையாம். ராணுவத்தில் ஒரு படைப்பிரிவையே நடத்தி ஓய்வுபெற்ற மனிதர், அவ்வளவு சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டார்.

உடனே நான், கொடைக்கானல் பஜாரில் மளிகைக் கடை வைத்திருக்கும் சிக்கந்தர் பாயைக் கூப்பிட்டேன்.

"பாய், கேள்விப்பட்டது நிசமா?"

"நிசந்தாங்க. இப்பத்தான் பாத்துட்டு வர்றேன். தூங்குற மாதிரியே கெடக்காங்க."

நான் இரண்டாவது ஆளைக் கேட்டது ஜெனரல் சொன்னதை நம்பாமல் அல்ல. அது அக்கா போட்ட விதி. "முதல்ல வர்ற தகவல வச்சு எந்த முடிவும் எடுக்காதீங்க. சம்பந்தமில்லாத இன்னொரு வாய்லருந்தும் வரட்டும்" என்பார். ஏவுகணை வருகிறது என்று ஒரு ராடார் சொன்னால் ஒரு நாடு என்ன செய்ய வேண்டும் என்பதற்காக அவர் சொன்னது. தன் சாவுச் செய்தியையும் அந்த விதிப்படியே சரிபார்த்தார்கள் என்று தெரிந்தால் அக்கா வாய்விட்டுச் சிரித்திருப்பார்.

கொடைக்கானலில் அவரைத் தெரிந்த உங்களில் பலருக்கு அவர் நாயுடுபுரத்தில் தனியாக வீடு வைத்திருந்த, உரக்கச் சிரிக்கிற, வெள்ளைத் தலை வள்ளி மேடம். வள்ளிநாயகி என்பது முழுப்பெயர். பழனி அடிவாரத்தில் பக்தர்களுக்கு விபூதியும் பஞ்சாமிர்தமும் விற்ற குடும்பம். படித்து, டெல்லிக்குப் போய், அணு ஆயுதங்களைப் பற்றி யோசிக்கிற ஓர் அலுவலகத்தில் பணிக்காலம் முழுவதையும் கழித்தார். குண்டைச் செய்கிறவர்கள் ஒரு கூட்டம், அதைப் பாதுகாத்து வைத்திருப்பவர்கள் இன்னொரு கூட்டம். அதை வைத்துக்கொண்டு உலகத்திடம் என்ன சொல்வது, எதைச் சொல்லாமல் விடுவது, யார் உத்தரவிடுவது, அந்த ஆளே இல்லாமல் போனால் அடுத்து யார் என்றெல்லாம் காகிதத்தில் எழுதி எழுதி அடிப்பவர்கள் மூன்றாவது கூட்டம். அக்கா இந்த மூன்றாவது கூட்டத்தைச் சேர்ந்தவர். ஊரில் கேட்டால் அவருடைய அண்ணன், "செண்ட்ரல் கவர்ன்மெண்ட்ல எழுத்து வேலை" என்பாராம். அது சரியான பதில்தான் என்று அக்காவும் ஒத்துக்கொண்டார்.

அந்த எழுத்து வேலையைப் பற்றி அவர் சொன்ன ஒரு சம்பவம் உண்டு. எதிரி அணுகுண்டு போட்டால் நம் பதிலடி எப்படி இருக்கும் என்று ஒரு வாக்கியம் எழுத வேண்டியிருந்தது. வாக்கியம் ஒரு நிமிடத்தில் முடிந்துவிட்டது. பதிலடிக்கு முன்னால் என்ன அடைமொழி போடுவது என்பதில் ஒரு காலைப்பொழுது முழுக்கப் போனது. பெரியது என்று போட்டால், சின்ன அடிக்கும் ஊரையே அழிப்பார்களா என்று எதிரிக்குச் சந்தேகம் வரும். போதுமானது என்று போட்டால், தாங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறதே என்று துணிச்சல் வரும். அக்கா இரண்டாவது கட்சி. அவர் பேசிப் பார்த்தார், தோற்றார். "தோத்தா என்ன? சாப்பாட்டு நேரத்துல என்னைய தோக்கடிச்சவரு அவரோட டப்பாவுலருந்து எனக்கு ஊறுகா குடுத்தாரு" என்பார். ஒரு நாட்டின் கொள்கை ஒரே நாளில் ஒரு தலையிலிருந்து குதித்து வருவதாக நான் நினைத்திருந்தேன். இப்படி ஊறுகாயோடும் அடைமொழியோடும் கொஞ்சம் கொஞ்சமாக வளர்வது என்பது அவரிடமிருந்துதான் தெரிந்தது.

எங்கள் பழக்கம் ஒரு தலைப்புச் செய்தியால் வந்தது. மதுரையில் ஒரு நாளிதழில் துணை ஆசிரியராக இருந்தேன். "முதலில் அணு ஆயுதத்தைப் பயன்படுத்த மாட்டோம்" என்று நம் நாடு சொல்லிவருவது உங்களுக்குத் தெரியும். அது எதிர்காலத்தில் மாறலாம் என்ற பொருளில் அரசுப் பொறுப்பில் இருந்த ஒருவர் பேசினார். நான் 'மாறலாம்' என்று தலைப்புப் போட்டேன். மறுநாள் ஒரு பெண் குரல் போனில் வந்தது.

"இந்தத் தலைப்பு போட்டது யாருங்க?"

திட்டு விழப்போகிறது என்று நினைத்து, "நான்தாங்க" என்றேன்.

"அவ்வளவு சின்ன எடத்துல அந்த 'லாம்' போயிராம காப்பாத்தியிருக்கீங்களே! மத்த ரெண்டு பேப்பர்லயும் மாறிருச்சுன்னு போட்டுட்டாங்க. லாமுக்கும் ருச்சுக்கும் நடுவுல ஒரு போரே வந்துரும். நீங்க எப்ப ரிட்டயர் ஆகுறீங்க?"

ஓய்வு பெற்றதும் கூப்பிட்டார். கொடைக்கானலில் வருடத்துக்கு ஒரு முறை தன் வீட்டில் ஒரு விளையாட்டு நடக்கிறது, அதில் நான் செய்தித்தாளாக இருக்க வேண்டும் என்றார்.

விளையாட்டு இதுதான். இரண்டு அறைகள், இரண்டு நாடுகள், இரண்டிடமும் அணு ஆயுதம். ஓர் அறைக்கு ஜெனரல் ஞானமுத்து தளபதி, இன்னொன்றுக்கு ஓய்வுபெற்ற தூதர் ஒருவர் பிரதமர். கல்லூரி விரிவுரையாளர்கள், டெல்லியிலிருந்து வரும் இளம் அதிகாரிகள் என்று மற்றவர்கள். அக்கா நடுக்கூடத்தில் உட்கார்ந்து, எல்லையில் ஒரு கலவரம், ஒரு விமான விபத்து என்று துண்டுச்சீட்டு அனுப்புவார். இரு அறைகளும் யோசித்துப் பதில் செய்ய வேண்டும். நான் அதைச் செய்தித்தாளாக அடித்து இரு பக்கமும் கொடுப்பேன். எங்கே தடுமாறினார்கள், எங்கே தப்பாகப் புரிந்துகொண்டார்கள் என்று முடிவில் ஒரு கட்டுரை எழுதி, அக்கா டெல்லியில் இருக்கும் பழைய சகாக்களுக்கு அனுப்புவார். சில சமயம் பதில் வரும்.

நாடுகளுக்கு அவர் வைத்திருந்த பெயர் மேல்மலை, கீழ்மலை. கொடைக்கானலுக்கு மேலே கிளாவரைப் பக்கம் மேல்மலை, கீழே பாச்சலூர்ப் பக்கம் கீழ்மலை. ஏன் இந்தப் பெயர் என்று கேட்டேன்.

"நெசமான நாட்டுப் பேரச் சொன்னா ஆளாளுக்கு ரோஷம் வந்துரும், யோசன வராது. கிளாவரை மேல யாருக்கு என்ன கோவம்?"

ஜெனரலும் அக்காவும் ஒவ்வொரு வருடமும் ஒரே சண்டையைப் புதிதாகப் போடுவார்கள். "முதல்ல போட மாட்டோம்னு நாம சொல்றோம் மேடம். எதிரி நம்புறானா?" என்பார் ஜெனரல்.

"முழுசா நம்ப வேணாம் ஜெனரல். ஒரு பிரச்சன வந்தா, பட்டன தேடி ஓடாம ஒரு காப்பி குடிச்சிட்டு யோசிக்கிற அளவுக்கு நம்புனாப் போதும். அந்தக் காப்பிக்குத்தான் நம்ம கொள்க."

இனி, உங்களில் பாதிப் பேர் நேரில் பார்த்த கதைக்கு வருகிறேன். அந்த வருடம் நிஜ எல்லையிலும் பதற்றம் இருந்தது. சீசன் சமயம். விளையாட்டின் முதல் நாள் மாலை நான் அடித்த தாளில் தலைப்பு இப்படி இருந்தது: 'மேல்மலையில் அணு ஆயுதங்கள் தயார் நிலை, கீழ்மலைக்கு இறுதி எச்சரிக்கை.' கீழ்மலையின் வெளியுறவு அமைச்சராக இருந்தவர் மார்ட்டின் என்ற விரிவுரையாளர். அமைச்சரான பெருமையில் அந்தத் தாளைப் படம் எடுத்து, 'இன்னைக்கு நான் மந்திரி' என்று எழுதித் தன் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார். யாரோ அவர் எழுதிய அந்த வரியை விட்டுவிட்டுப் படத்தை மட்டும் அனுப்பினார்கள். விடிவதற்குள் மலை முழுக்கச் சுற்றிவிட்டது.

காலையில் முதலில் வந்தது பாச்சலூரிலிருந்து மார்ட்டினின் தாய்மாமன் போன். அந்தக் குரல் எங்களுக்கெல்லாம் கேட்டது. "ஏலே மார்ட்டின், எங்களுக்கு எதுக்குடா எச்சரிக்க? நாங்க கெளம்பணுமா, இருக்கணுமா? ஆடு கெடக்கு, கோழி கெடக்கு, வெரசா சொல்லு!"

சிரித்தோம். அடுத்த ஒரு மணி நேரத்தில் சிரிப்பு நின்றது. ஓட்டல்களில் சுற்றுலாப் பயணிகள் அறையைக் காலி செய்துகொண்டிருந்தார்கள். பெட்ரோல் பங்கில் வண்டிகள் சாலை வரை நின்றன. சிக்கந்தர் பாய் கடையில் அரிசி மூட்டைக்கு அடிதடி. காவல்துறை ஜீப் ஒன்று, "பொதுமக்கள் யாரும் பீதியடைய வேண்டாம்" என்று ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டே போனது. அதைக் கேட்டுத்தான், அதுவரை விஷயம் தெரியாமல் இருந்தவர்களும் பீதியடைந்தார்கள்.

அப்போது வாசலில் ஒரு பிக்கப் வண்டி வந்து நின்றது. நிறைய காரட். முன்சீட்டிலிருந்து நடுத்தர வயதுப் பெண் ஒருவர் இறங்கினார். கிளாவரை விவசாயி, பெயர் சுப்புலட்சுமி. பஜாரில் யாரோ இந்த வீட்டைக் காட்டியிருக்கிறார்கள்.

"யாருங்க இங்க பெரியவங்க? எங்க ஊர்ல குண்டு வச்சிருக்கீங்களாமே? எங்க வச்சீங்க, வந்து காட்டுங்க!"

ஜெனரல் ஏதோ விளக்க வாயெடுத்தார். சுப்புலட்சுமி விடவில்லை. "வெள்ளனே பறிச்சு, கழுவி, ஏத்திக் கொண்டாந்தா, மேல்மலைக் காரட்ல கதிர்வீச்சு இருக்குன்னு ஒரு வியாபாரி தொடமாட்டேங்குறான். எனக்குப் பின்னால எட்டு வண்டி நிக்குது. நாளைக்கு இது அழுகிருச்சுன்னா யாரு பொறுப்பு?"

அக்கா எழுந்து வந்தார். "நாங்கதாங்க பொறுப்பு. தப்பு எங்க மேல. உக்காருங்க" என்றார். நடந்ததை ஒளிக்காமல் சொன்னார்.

சுப்புலட்சுமி எல்லோரையும் ஒரு முறை பார்த்தார். "வெளையாட்டா? வயசானவங்க பொழுது போகலைன்னா தாயம் ஆட வேண்டியதுதானே! குண்டு வச்சா வெளையாடுவீங்க?"

மார்ட்டின் அழுகிற நிலையில் இருந்தார். அது பொய்ச் செய்தி என்று நாம் ஒன்று எழுதி அனுப்பிவிடலாம் என்றேன் நான். அக்கா வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

"எழுதுறதுக்கு என்ன செலவு? போலீசும் சொல்லிப் பாத்துருச்சு. சும்மா சொல்ற சொல்ல யாரும் நம்ப மாட்டாங்க. நாம என்ன செய்றோம்னுதான் பாப்பாங்க. ஜெனரல், நீங்க காலைல நடக்கப் போற டிரஸ் இருக்குல்ல? போட்டுக்கிட்டு வாங்க."

திட்டம் எளிமையானது. ஜெனரல் யார் என்று பஜாருக்கே தெரியும். போர் வருவதென்றால் அவருக்குத்தான் முதலில் தெரியும் என்று ஊர் நம்பியது. காரட் வண்டியைச் சிக்கந்தர் பாய் கடை வாசலில் நிறுத்தச் சொன்னார் அக்கா. நாங்கள் ஒவ்வொருவராகப் போய்ச் சாமான் வாங்க வேண்டும். "கால் கிலோவுக்கு மேல ஒருத்தரும் வாங்கக் கூடாது. அவசரப்படக் கூடாது. வெல பேசிச் சண்ட போடணும்" என்பது கட்டளை.

ஜெனரல் அரைக்கால் சட்டையும் கம்பளித் தொப்பியுமாக நடந்து வந்தார். அரிசி மூட்டைக் கூட்டம் அவரைப் பார்த்து விலகியது. வண்டி அருகில் நின்று ஒரு காரட்டை எடுத்தார், ஸ்வெட்டரில் துடைத்தார், கடித்தார். எல்லோரும் அவர் வாயையே பார்த்தார்கள்.

"மேல்மலைக் காரட்டா?"

"ஆமாங்க."

"மண்ணு இருக்கு. வேற ஒண்ணும் இல்ல. கால் கிலோ குடுங்க."

"கால் கிலோ போதுமாங்க?" என்று கடைக்குள்ளிருந்து சிக்கந்தர் பாய் உரக்கக் கேட்டார். அவருக்கும் பாடம் சொல்லியிருந்தது.

"நாளைக்கு வந்து வாங்கிக்கிறேன் பாய். இப்ப எதுக்கு வீட்ல அடைக்கணும்?"

அடுத்து அக்கா வந்தார். அவர் பேரம் பேசிய விதத்தில் சுப்புலட்சுமிக்குத் திட்டமே மறந்துபோயிற்று. "இந்த வெலைக்கு நீங்க அந்தக் குண்டையே வாங்கிக்கங்க!" என்று கத்தினார். கூட்டத்தில் ஒருவர் சிரித்தார். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். சிரித்த பிறகு போர் வரும் என்று நம்புவது கஷ்டம். மதியத்துக்குள் அந்த வண்டி காலி. பின்னால் நின்ற வண்டிகளையும் வியாபாரிகள் எடுத்துக்கொண்டார்கள். மாலையில் நான்கைந்து பேர் அரிசி மூட்டையைத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். "வித்தது வித்ததுதாங்க, பொங்கிச் சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டார் பாய்.

எங்களுக்கு வெற்றிக் களிப்பு. அக்காவுக்கு அப்படி இல்லை. காவல் நிலையத்துக்கு மார்ட்டினோடு தானே போய், "விளையாட்டை நடத்தியது நான், அவர் இல்லை" என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். திரும்பியதும் கூடத்தில் கிடந்த துண்டுச்சீட்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி அடுக்கினார். பிறகு சொன்னார்: "இத்தன வருஷம் எழுதுனோம். எதிரிக்கு ஒரு வாக்கியம், பெரிய நாடுகளுக்கு ஒரு வாக்கியம், நம்ம ராணுவத்துக்கு ஒரு வாக்கியம். சிக்கந்தர் பாய் கடைல நிக்கிறவங்களுக்கு ஒண்ணுகூட எழுதல."

அந்த வருடக் கட்டுரையில் அதைத்தான் எழுதி அனுப்பினார். நெருக்கடி வரும்போது முதலில் ஆடிப்போவது எல்லை அல்ல, கடைவீதி. கடைவீதியின் பயம் தலைவர்களை அவசரப்படுத்தும். ஆகவே மக்களுக்குப் புரியாத கொள்கை பாதிக் கொள்கைதான் என்பது சாரம். டெல்லியிலிருந்து ஒரு வரியில் பதில் வந்தது: 'காரட் எப்படி இருந்தது?' அக்காவுக்கு அதில் பரம திருப்தி. "வாசிச்சிருக்கான்" என்றார்.

அதன் பிறகுதான் அவரும் நானும் தமிழில் ஒரு சிறு புத்தகம் எழுத உட்கார்ந்தோம். அடித்தால் திருப்பி அடிப்போம் என்று காட்டி, அடிக்கவே விடாமல் செய்வதற்கு ஒரே சொல்லாக என்ன போடுவது என்று மாதக்கணக்கில் மோதிக்கொண்டோம். நான் 'அச்சத் தடுப்பு' என்றேன். "தடுப்பூசி மாதிரி இருக்கு, பஞ்சாயத்து ஆபீஸ்ல முகாம் போட்ருவாங்க" என்றார். கடைசியில் சொல்லைக் கைவிட்டு, அதை ஒரு பத்தியில் விளக்கிவிட்டோம். புத்தகம் இப்போதும் பாய் கடையில் தீப்பெட்டிக்குப் பக்கத்தில் கிடைக்கும்.

அடுத்த வருட விளையாட்டுக்கு அக்கா சுப்புலட்சுமியைக் கூப்பிட்டார். கீழ்மலையின் பிரதமர். "எனக்குச் சோலி கெடக்குங்க" என்று சொன்னாலும் வந்துவிட்டார். மேல்மலைக்காரர்களின் கடிதம் எதற்கும் நேரான பதில் இல்லாமல் வழவழவென்று இருந்தது. மேல்மலைப் பிரதமரான தூதர் எழுதியது, அப்படித்தான் இருக்கும். முதல் நாள் மதியச் சாப்பாட்டுக்கு முன் சுப்புலட்சுமி அத்தனை ஆயுதங்களையும் ஏவிவிட்டார்.

அவருடைய தளபதியான ஜெனரல் திகைத்துப்போனார். "ஏன்மா?"

"கேட்ட கேள்விக்கு ஒழுங்கா பதில் சொல்லலைங்க. போட்டுட்டேன்."

அக்காவின் சிரிப்பு தெருவுக்குக் கேட்டது. எந்தக் கொள்கை ஏட்டிலும் இப்படி ஒரு பிரதமர் இல்லை, எல்லாரும் பொறுமைசாலிகளாகவே இருக்கிறார்கள், இனி ஒருவர் உத்தரவு மட்டும் போதாது என்று விளையாட்டு விதியை மாற்றுகிறேன் என்றார். ஆனால் விதிப்படி, ஏவினால் என்னென்ன ஆகும் என்பதை அக்கா உரக்கப் படிக்க வேண்டும். படித்தார். எந்தெந்த ஊர், எவ்வளவு தூரம், எந்தத் தண்ணீர், பதிலுக்கு விழுந்தது எங்கே எங்கே. பெயர்களெல்லாம் எங்களுக்குத் தெரிந்த ஊர்கள். பாச்சலூர் இருந்தது, அய்யம்பாளையம் இருந்தது, கிளாவரையும் இருந்தது. சுப்புலட்சுமி சாப்பாட்டுத் தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"என் மக கிளாவரைலதான் இருக்கா" என்றார்.

"ஆமாம்மா" என்றார் அக்கா.

சுப்புலட்சுமி கையைக் கழுவிவிட்டு வந்து கேட்டார்: "இன்னொரு தடவ வெளையாடலாங்களா?"

"வெளையாடலாம். இங்க மட்டுந்தான் இன்னொரு தடவ இருக்கு. அதுக்காகத்தான் வெளையாடுறோம்."

அன்று மதியத்துக்குப் பிறகு மறுபடியும் முதலிலிருந்து ஆடினோம். இந்த முறை சுப்புலட்சுமி மேல்மலைப் பிரதமருக்குப் போன் போட்டார், திட்டினார், வைத்தார், மறுபடி போட்டார். போர் வரவில்லை. தூதர் மட்டும் காதைத் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

பழனியில் அக்காவுக்குக் காரியம் நடந்த அன்று இவர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். ஜெனரலும் சுப்புலட்சுமியும் ஒரே வண்டியில் இறங்கி வந்தார்கள். வழியெல்லாம் அக்காவைப் பற்றிச் சொல்லிச் சிரித்ததாகவும், அடிவாரம் வந்ததும் இருவரும் அழுததாகவும் சொன்னார்கள். மார்ட்டின் இந்த வருட விளையாட்டை நடத்தப்போகிறார். அவர் போனைச் சிக்கந்தர் பாய் வாங்கி வைத்துக்கொள்வதாக ஏற்பாடு.

எனக்கு அக்காவிடமிருந்து வந்தது ஒரு பழக்கம். ஒவ்வொரு விளையாட்டின் கடைசி மதியமும் அவர் இரு நாட்டுக்காரர்களையும் அறை மாறச் சொல்வார். மேல்மலை அறையில் இருந்தவர்கள் கீழ்மலை அறைக்குப் போய், தாங்கள் அனுப்பிய கடிதங்களையும் செய்த காரியங்களையும் அங்கே உட்கார்ந்து வாசிக்க வேண்டும். "தற்காப்புக்குத்தான் செஞ்சேன்னு சொன்னீங்கல்ல, இங்கருந்து அது எப்படித் தெரியுதுன்னு பாருங்க" என்பார்.

போன வாரம், எனக்கும் என் தம்பிக்கும் இடையில் ரொம்ப நாளாக இருக்கும் தோட்டத் தகராறு மறுபடி கிளம்பியது. கோபத்தோடு புறப்பட்டவன், அக்காவை நினைத்துக்கொண்டு, தம்பி வீட்டுப் பின்கட்டில் போட்டிருந்த கட்டிலில் போய் உட்கார்ந்தேன். அவன் மனைவி மோர் கொண்டுவந்து கொடுத்தாள். என் தோட்டத்தில் ஆடு மேயாமல் இருக்க நான் போட்ட கம்பிவேலி எனக்கு நேர் எதிரே நின்றது. என் பக்கத்திலிருந்து பார்த்தால் அது சாதாரண வேலி. அங்கிருந்து பார்த்தபோதுதான், அது எவ்வளவு உயரம் என்று எனக்குத் தெரிந்தது.